ஒரே ரூட்டர், இரண்டு தலைமுறை: தென்காசி வீடுகளில் பி.எஸ்.பி.யும் ஸ்விட்சும்

தென்காசி, கடையநல்லூர், வடகரைப் பக்கம் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் ஒருவராவது இல்லாத தெரு அரிது. விடுமுறைக்கு ஊர் வரும்போது பேரீச்சம்பழம், சென்ட் பாட்டிலோடு பிள்ளைகளுக்கென்று ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியும் பெட்டிக்குள் இருக்கும். பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னால் வந்தது சோனியின் பி.எஸ்.பி. இப்போது வருவது நிண்டெண்டோ ஸ்விட்ச். அன்று பி.எஸ்.பி. வாங்கிக்கொண்ட பையன் இன்று தகப்பன். தன் பழைய கருவியை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து, பேட்டரி மாற்றி, மகனிடம் கொடுக்கிறான். வீட்டு வைஃபையில் மகனின் ஸ்விட்ச் இரண்டு நிமிடத்தில் சேர்ந்துகொள்கிறது. பி.எஸ்.பி. சேரமாட்டேன் என்கிறது. ‘பழசு, போச்சு’ என்று மறுபடியும் அலமாரிக்குப் போய்விடுகிறது.

பெரும்பாலும் கருவி போயிருக்காது. நடுவில் மாறிப்போனது வீட்டு வைஃபைதான். இரண்டு கருவிகளையும் ஒரே ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். பழையது சேருவதற்குத்தான் பாடுபடுத்தும். சேர்ந்தபின் அதிகம் கேட்காது. புதியது சுலபமாகச் சேரும். சேர்ந்தபின் கேட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊர் வீடும் கரண்டும் மழையும் இந்த இரண்டுக்கும் எப்படி ஒத்துவருகின்றன என்பதைப் பார்த்தபிறகுதான் எதை எப்படி இணைப்பது என்று சொல்ல முடியும்.

பி.எஸ்.பி. ஜப்பானில் 2004 டிசம்பரில் வெளிவந்தது. அதில் இருப்பது 802.11பி வகை வைஃபை: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும், ஏட்டுக்கணக்கில் உச்ச வேகம் நொடிக்கு 11 மெகாபிட். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் தொடங்கியது 2005 ஜனவரியில். அப்போது அரசின் பிராட்பேண்ட் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட். கருவியின் வைஃபை, வீட்டுக்கு வந்த இணைப்பைவிட நாற்பது மடங்கு அகலமாக இருந்தது. இன்று வீட்டு ஃபைபரில் 50, 100 மெகாபிட் சாதாரணம். குறுகல் இப்போது கருவிக்குள் வந்துவிட்டது.

ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் பேசும், 802.11ஏசி வரை தெரியும். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவிப்பு வந்தது 2018 அக்டோபரில்தான். இரட்டை அலைவரிசை ரூட்டர்கள் நம் தெருக்களுக்குள் வந்த காலமும் அதுதான். ஆக ஸ்விட்ச் நல்ல நேரத்தில் பிறந்த பிள்ளை.

வேகத்தைவிடப் பெரிய வேறுபாடு பூட்டில் இருக்கிறது. வைஃபைக்கு முதலில் வந்த பூட்டு டபிள்யூ.இ.பி. அதன் அடிப்படைக் குறையை 2001-இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தார் ஒரு நிமிடத்துக்குள் அதை உடைக்கலாம் என்று நிரூபித்தார்கள். இடையில் 2003-இல் டபிள்யூ.பி.ஏ. வந்தது, அதற்கடுத்த டபிள்யூ.பி.ஏ.2, 2006 மார்ச் முதல் சான்று பெறும் புதுக் கருவிகளுக்கெல்லாம் கட்டாயமானது. பி.எஸ்.பி. 2005-இல் வந்த மென்பொருள் மேம்பாட்டால் டபிள்யூ.பி.ஏ. வரை கற்றுக்கொண்டது. டபிள்யூ.பி.ஏ.2 அதற்குக் கடைசிவரை வரவில்லை. இன்று கேபிள்காரர் மாட்டிவிட்டுப் போகும் ஃபைபர் பெட்டி பெரும்பாலும் டபிள்யூ.பி.ஏ.2-இல்தான் இருக்கிறது. அதனால் பி.எஸ்.பி. திரையில் வீட்டு வைஃபையின் பெயர் தெரிகிறது, ஆனால் கைகொடுக்க முடிவதில்லை. சில ரூட்டர்களில் பழைய ‘பி’ வகையையே அடைத்து வைத்திருப்பார்கள். அங்கே பெயர்கூடத் தெரியாது.

இணைக்கும் வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். முதலாவதாக வந்த பி.எஸ்.பி. மாடலில் இடது விளிம்பில், உருட்டுக்குமிழுக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தள்ளுவிசை இருக்கும். அதுதான் வைஃபைக்கு. பின்னால் வந்த மெல்லிய மாடல்களில் அதை மேல்விளிம்புக்கு மாற்றிவிட்டார்கள். அதைத் தள்ளாமல் மெனுவில் எவ்வளவு தேடினாலும் பயனில்லை. இணைப்பு வராமல் தவிக்கும் பலரும் முதலில் பார்க்க மறப்பது இதைத்தான். பிறகு செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதி, அங்கே ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’ முறை, ஸ்கேன். பெயரைத் தேர்ந்தெடுத்ததும் பூட்டு வகை கேட்கும். பாஸ்வேர்டு அடிப்பது பழைய பட்டன் போன் மாதிரி: ஒரு எழுத்துக்கு ஒரு கட்டத்தை மூன்று, நான்கு முறை அழுத்த வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்த நீளப் பாஸ்வேர்டில் ஒரு எழுத்து தவறினாலும் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

ஸ்விட்சில் இந்தப் பாடு கிடையாது. சிஸ்டம் செட்டிங்ஸில் இன்டர்நெட்டைத் தொட்டால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் வரிசையாக வரும். திரையிலேயே விசைப்பலகை. சேர்ந்ததும் சோதனை ஓட்டி, இறக்க வேகம், ஏற்ற வேகம், ‘நேட்’ என்ற முகவரி மாற்று முறையின் வகையைச் சொல்லும் ஒரு ஆங்கில எழுத்து, மூன்றையும் காட்டிவிடும். நேட் எழுத்தை யாரும் கவனிப்பதில்லை. அதில்தான் பின்னால் வரும் தொல்லை அடங்கியிருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். தென்காசியின் பழைய தெரு வீடுகள் அகலம் குறைந்தவை, நீளம் கூடியவை. தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுப்படி, புறவாசல் என்று ஒரு கோட்டில் போகும். இடையே தடித்த காரைச் சுவர்கள். தெருக்கம்பத்திலிருந்து ஃபைபர் வருவதால் ரூட்டரை வாசல் பக்கச் சுவரிலேயே அடித்துவிடுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரைத் தாண்டும்போதே நிறைய இழக்கும். காரைச் சுவர் இரண்டைத் தாண்டினால் இரண்டாங்கட்டில் ஸ்விட்சுக்குக் கிடைப்பது சொற்பம். 2.4 அதைவிட ஆழமாகப் போகும். ஆனால் அதற்கு வேறொரு இக்கட்டு. ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரே வளவுக்குள் ஐந்து வீடு, வீட்டுக்கு ஒரு ரூட்டர் என்றால் மூன்று தடத்துக்குள் ஐந்து பேரும் முண்டியடிக்க வேண்டும். 2.4-ஐ மட்டுமே அறிந்த பி.எஸ்.பி.க்கு அந்த நெரிசலை விட்டால் போக்கிடமில்லை. ஸ்விட்சுக்கு இருக்கிறது: பட்டாசலில் உட்கார்ந்தால் 5, உள்ளே போனால் 2.4. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரூட்டரில் எதில் சேர்ந்தோம் என்றே தெரியாது. வேறு வேறு பெயர் வைத்துவிடுவது நல்லது.

ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலம். அங்கே கதை வேறு. ஜூனில் சாரல் தொடங்கியதும், ‘மழையில சிக்னல் போயிருது’ என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்குள் ஓடும் வைஃபையைச் சாரல் ஒன்றும் செய்யாது. இந்த அலைவரிசைகளில், வீட்டளவு தூரத்தில், மழையால் ஏற்படும் இழப்பு கணக்கில் கொள்ளத்தக்கதே அல்ல. போவது கரண்ட், அல்லது மரக்கிளை விழுந்து கம்பத்தில் தொங்கும் ஃபைபர். கூடவே சீசன் நெரிசலும் சேர்ந்துகொள்கிறது. பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் கூட்டம் வரும் ஞாயிறுகளில் லாட்ஜுகளும் வாடகை வீடுகளும் நிரம்பிவிடும். அத்தனை போனும் ஒரே செல்போன் கோபுரங்களைப் பங்குபோடும்போது, ஹாட்ஸ்பாட்டை நம்பி ஸ்விட்சில் பெரிய விளையாட்டு ஒன்றை இறக்க நினைப்பவர் காத்துக் கிடக்க வேண்டும்.

இங்கேதான் இரண்டு கருவிகளின் குணமும் வெளிப்படுகிறது. பி.எஸ்.பி.யின் விளையாட்டு முழுவதும் யு.எம்.டி. என்ற சின்ன வட்டத்தட்டில் இருக்கிறது. தட்டைப் போட்டால் விளையாட்டு. நான்கு பிள்ளைகள் நான்கு கருவியோடு உட்கார்ந்தால், ‘அட்ஹாக்’ முறையில் கருவிகள் தங்களுக்குள் நேரே பேசிக்கொள்ளும். ரூட்டர் வேண்டாம், இணையம் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். எல்லோரும் ஒரே தடத்தில் இருந்தால் போதும். குற்றாலத்தில் ஃபைபர் அறுந்த இரவிலும் பேட்டரி தீரும்வரை ஆட்டம் நடக்கும். ஸ்விட்சிலும் அருகருகே இருந்து ஆடும் வசதி உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் எல்லாக் கருவியிலும் விளையாட்டின் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவன் மேம்பாட்டை இறக்கியிருந்து மற்றவன் இறக்காமல் இருந்தால், அதைச் சரிசெய்த பிறகுதான் ஆட்டம். அட்டையில் வாங்கும் விளையாட்டுக்கும் முதல் நாளே மேம்பாடு வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது.

சரி, பி.எஸ்.பி.யைப் பாடுபட்டு இணையத்தில் சேர்த்துவிட்டால் என்ன கிடைக்கும்? உண்மையைச் சொன்னால், மிகக் குறைவு. அதன் உலாவி இன்றைய இணையத்தளங்களின் பாதுகாப்பு முறையை அறியாது. பெரும்பாலானவை திறக்கவே திறக்காது. கருவியிலிருந்தே நேரடியாகச் சோனியின் இணையக் கடையில் வாங்கும் வழி 2021 ஜூலையில் அடைபட்டது. அதே கால நிண்டெண்டோ டி.எஸ். நிலைமை இன்னும் மோசம்: அதற்கு டபிள்யூ.இ.பி. பூட்டு மட்டும்தான் தெரியும், அதன் இணையச் சேவையும் 2014 மே மாதம் நின்றுபோனது. இந்தச் சொற்ப லாபத்துக்காகச் சிலர் செய்யும் காரியம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பி.எஸ்.பி. சேரவில்லை என்று வீட்டு ரூட்டரின் பூட்டையே டபிள்யூ.இ.பி.க்கு இறக்கிவிடுகிறார்கள், சிலர் பூட்டே இல்லாமல் திறந்து போடுகிறார்கள். அதே வைஃபையில்தான் அம்மாவின் போனில் யு.பி.ஐ. ஓடுகிறது. மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்கும் ஊர் இது. வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்க்கும் மடிக்கணினிகளும் அந்த வைஃபையில்தான் இருக்கின்றன. பிள்ளையின் ஒரு விளையாட்டுக்காக முழு வீட்டின் வாசலையும் திறந்துவைப்பது எந்தக் கணக்கிலும் சரியல்ல.

வழி இல்லாமல் இல்லை. ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் இரண்டாவதாக ஒரு வைஃபை பெயர் உருவாக்கலாம். அதை 2.4-இல், டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஏ.2 கலந்த முறையில் வைத்து, வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்க முடியாதபடி ‘கெஸ்ட்’ என்று தனிமைப்படுத்தி, பி.எஸ்.பி.யை அதில் மட்டும் சேர்க்கலாம். பி.எஸ்.பி.யில் டி.கே.ஐ.பி., ஏ.இ.எஸ். என்ற இரண்டு மறையாக்க முறைகளில் எது என்று கேட்கும். ரூட்டர் இடம் கொடுத்தால் ஏ.இ.எஸ். எடுங்கள். வேலை முடிந்ததும் அந்தப் பெயரை அணைத்துவிட வேண்டும். காரணம் பாதுகாப்பு மட்டுமல்ல. ‘பி’ வகைக் கருவி ஒன்று பேசும்போது மெதுவாகப் பேசும்; அது பேசி முடிக்கும்வரை அதே தடத்தில் மற்றவை வாய்மூடி நிற்க வேண்டும். வீட்டின் மொத்த 2.4-உம் அதனால் தளரும்.

ஸ்விட்சின் தொல்லைக்கு இத்தனை எளிதான மருந்து வீட்டுக்குள் இல்லை. இங்குள்ள இணைய நிறுவனங்கள் பலவும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. படம் பார்க்க, பாடம் படிக்க அது போதும். ஆனால் ஸ்விட்சின் பல விளையாட்டுகளில் ஆடுபவர்களின் கருவிகள் ஒன்றையொன்று நேராகத் தேடிப் பிடிக்க வேண்டும். தென்காசிப் பையனும் குற்றாலப் பையனும் இப்படிப்பட்ட பங்கு முகவரிகளுக்குப் பின்னால் இருந்தால், இருவர் வீட்டிலும் நூறு மெகாபிட் வந்தாலும் 2618-0516 என்ற பிழை எண் தோன்றி ஆட்டம் நின்றுபோகலாம். சோதனையில் காட்டும் நேட் எழுத்து ஏ அல்லது பி என்றால் கவலையில்லை. டி என்றால் சிக்கல். ரூட்டரை மாற்றியோ பாஸ்வேர்டை மாற்றியோ இது தீராது. இணைப்புக் கொடுத்தவரிடம் தனிப் பொது முகவரி கேட்க வேண்டும். பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம். ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படாததால், இந்த விவரமெல்லாம் சொல்லிக்கொடுக்கக் கடைக்காரரும் கிடைப்பதில்லை.

என் தீர்ப்பு இது. இணைக்கும் சுலபத்தில் ஸ்விட்சுக்குப் போட்டியே இல்லை. தென்காசியில் நிலையான ஃபைபர் உள்ள வீட்டில், ரூட்டரைப் பட்டாசலுக்கு நகர்த்தி 5 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் அது நன்றாகவே ஓடும். குற்றாலத்தில் சீசன் முழுவதும் கரண்டோடும் கேபிளோடும் போராடும் வீட்டில், அதை நம்பும் முன் ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். வாங்கிவிடுங்கள், பாதித் தொல்லை அதோடு தீரும். பி.எஸ்.பி.யை இணையத்தோடு கட்டிப்போடத் தேவையில்லை. அதை அட்ஹாக்கில் விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை. வீட்டின் முதன்மை வைஃபை டபிள்யூ.பி.ஏ.2-க்குக் கீழே ஒருநாளும் இறங்க வேண்டாம்.

பிள்ளைகள் சேர்ந்து ஆடட்டும் என்று பழைய பி.எஸ்.பி. இன்னொன்று தேடி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: கருவியைத் திருப்பி மாடல் எண்ணைப் பாருங்கள். 2011-இல் மலிவு விலைக்கு வந்த இ1000 வரிசையில் வைஃபையே கிடையாது. அதில் அட்ஹாக்கும் வராது.