கிணற்று இம்பெல்லரும் படகுப் புரொப்பல்லரும்

தண்ணீர் பத்தவில்லை என்றால் பெரிய மோட்டார் கேட்பது கொங்கு நாட்டு விவசாயியின் வழக்கம். படகு ஓடவில்லை என்றால் பெரிய இன்ஜின் தேடுவது கடற்கரை வள்ளக்காரரின் வழக்கம். இருவருக்கும் பெரும்பாலும் குதிரைத்திறன் குறைச்சல் இல்லை. இருக்கிற திறனைத் தண்ணீரில் இறக்கிவைக்கும் சக்கரந்தான் வேலைக்குப் பொருந்தாமல் இருக்கும். அந்தச் சக்கரம் கிணற்றில் இம்பெல்லர், படகில் புரொப்பல்லர். பம்புசெட்டைப் பார்த்தே வளர்ந்த கோவைக்காரருக்கு படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைப் புரியவைக்க இதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டுக்கும் பங்காளி உறவும் உண்டு. தண்ணீரை மேலேற்றிய ஆர்க்கிமிடீஸ் திருகுதான் பிற்காலத்தில் கப்பலைத் தள்ளும் திருகாக மாறியது. 1836இல் அதற்குக் காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் ஆங்கிலேயரான பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித். லண்டனை ஒட்டிய ஹெண்டனில் விவசாயம் பார்த்தவர். மறு ஆண்டு கால்வாயில் படகை ஓட்டிப் பார்த்தபோது எதிலோ இடித்து, மரத் திருகில் பாதி உடைந்து போனது. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாக ஓடியது! இன்ஜின் அதேதான், திருகின் நீளந்தான் குறைந்திருந்தது. இன்று அவுட்போர்டு மெக்கானிக் செய்கிற வேலையில் ஒரு பங்கு, அந்த விபத்து தற்செயலாகச் செய்ததைத் திட்டமிட்டுச் செய்வதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது பிட்ச். புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு அது. இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்று, கியர் விகிதம் இரண்டுக்கு ஒன்று, பிட்ச் 13 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். புரொப்பல்லர் சுற்றுவது 2,750. காகிதத்தில் வேகம் மணிக்குச் சுமார் 54 கிலோமீட்டர். தண்ணீர் கெட்டிப் பொருள் இல்லையே, நழுவும். இலேசான படகில் இந்த நழுவல் பத்திலிருந்து இருபது சதவீதம் இருக்கும். வலையும் ஐஸும் ஏற்றிய மீன்பிடிப் படகில் அதைவிட மிக அதிகம்.

பிட்ச் சரியா என்பதை வேகம் சொல்லாது, சுற்று சொல்லும். ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினால் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள், பல இன்ஜின்களில் 5,000 முதல் 6,000 வரை, முள் நிற்க வேண்டும். 4,500இலேயே திணறினால் பிட்ச் அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும். எல்லையைத் தாண்டி அலறினால் பிட்ச் போதாது. திணறுகிற இன்ஜினை அப்படியே ஓட்டுகிறவர்கள் பலர். சத்தம் கம்மி, எண்ணெய் மிச்சம் என்று நினைப்பு. உள்ளே பிஸ்டனும் பேரிங்கும் படுகிற பாடு வெளியே கேட்காது.

கிணற்றில் இதே சோதனையைச் செய்யப் போனால் கணக்கு தலைகீழ். மூன்று பேஸ் மோட்டார் பாரம் ஏறினாலும் சுற்றை அதிகம் குறைக்காது. 2,850, 2,900 என்று சுற்றிக்கொண்டே, கரண்டைக் கூடுதலாக இழுக்கும். ஆகவே படகில் சுற்றுமானி சொல்வதை இங்கே ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள ஆம்ஸ் மீட்டர் சொல்கிறது. இன்னும் ஒரு விசித்திரம்: சென்ட்ரிஃபியூகல் பம்புக்குச் சுமை கூடுவது தண்ணீர் ஆழத்துக்குப் போகும்போது அல்ல, மேலே வரும்போது. 20 முதல் 30 மீட்டர் ஹெட்டுக்கு, அதாவது தண்ணீரைத் தூக்கும் உயரத்துக்கு, செய்த பம்பை, மழை பெய்து நிரம்பிய கிணற்றில் 10 மீட்டருக்கு ஓட்டினால் தண்ணீர் பீறிட்டுக் கொட்டும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். அதே நேரத்தில் ஆம்ஸ் ஏறி ரிலே விழும். ரிலேயைக் கட்டிவைத்து ஓட்டினால் காயில் கருகும். டெலிவரி பைப்பில் இருக்கும் கேட்வால்வை மெல்ல மூடிப் பாருங்கள். தண்ணீரை அடைக்க அடைக்க ஆம்ஸ் முள் இறங்கும். நம்பாத விவசாயிக்கு இதைக் காட்டிவிட்டால் போதும், வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நிரந்தர வைத்தியம் லேத்தில் இருக்கிறது. இம்பெல்லரின் விட்டத்தை ஐந்து சதவீதம் கடைந்து குறைத்தால் ஹெட் ஏறத்தாழ பத்து சதவீதமும், இழுக்கும் திறன் பதினான்கு சதவீதமும் குறையும். படகுக்காரர் பிட்ச் குறைந்த புரொப்பல்லரை மாட்டுவதும், கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம் பட்டறைகளில் இம்பெல்லரைக் கடைவதும் ஒரே தத்துவம். கடைந்த இம்பெல்லர் திரும்ப வளராது என்பது மட்டும் வித்தியாசம்.

அடுத்தது காற்று. அவுட்போர்டின் கால் பகுதியில் புரொப்பல்லருக்கு மேலே பட்டையாக ஒரு தகடு உண்டு. அது படகின் அடிமட்டத்தோடு ஒட்டியாற்போல் நிற்க வேண்டும். பாரப் படகில் கொஞ்சம் கீழே, வேகப் படகில் ஓர் அங்குலம்வரை மேலே போகலாம். மோட்டாரை மிக உயரத்தில் மாட்டினால் திருப்பத்திலும் அலையிலும் புரொப்பல்லர் மேற்பரப்புக் காற்றை உறிஞ்சும். இன்ஜின் வீணாக அலறும், படகு நகராது. மிகத் தாழ்த்தினால் கால் முழுவதும் தண்ணீரில் இழுபட்டு வேகத்தைத் தின்னும். 15 அங்குலம், 20 அங்குலம் என்று தண்டின் நீளத்தில் வகை வகையாக விற்பது இதற்காகத்தான். பின்பலகையின் உயரத்தை அளக்காமல் மோட்டார் வாங்கிவிட்டு, பிறகு பலகையை வெட்டுவதும் மரத்துண்டு வைத்து ஏற்றுவதும் வீண் செலவு.

கிணற்றில் இந்தத் தகட்டின் வேலையைச் செய்வது மோட்டார் மேடையின் உயரம். காற்றழுத்தம் தண்ணீரைத் தூக்கித் தருவது கடல்மட்டத்தில் அதிகபட்சம் 10.3 மீட்டர். சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் அதிலும் அரை மீட்டர் குறைவு. உராய்வு, கசிவு எல்லாம் போக ஆறேழு மீட்டர்தான் கைக்கு வரும். 1932 வாக்கில் பைக்காரா மின்சாரம் வந்து, கவலை இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கொடுத்த மோட்டார், நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணற்றுக்குள் மேடை மேடையாக இறங்கியதன் காரணம் இந்த இருபத்திச்சொச்சம் அடிதான். சூலூர், அவிநாசி, அன்னூர்ப் பக்கத்துப் பழைய கிணறுகளில் பக்கவாட்டுப் பாறையில் கைவிடப்பட்ட மேடைகள் இன்னும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும். மேடை இறக்கியும் எட்டாத ஆழத்துக்கு நீர் போனதும் கம்ப்ரசரும் சப்மர்சிபிளும் வந்தன.

எல்லையை மீறி உறிஞ்சினால் பம்புக்குள் ஜல்லி உருள்வதுபோல் சத்தம் வரும். அது காற்று புகுந்த சத்தம் அல்ல. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் குளிர்ந்தபடியே ஆவியாகி, அந்தக் குமிழிகள் சட்டென்று உள்நொறுங்கி உலோகத்தை அரிக்கிற சத்தம். புரொப்பல்லரிலும் இதே அரிப்பு வரும், இலை முனை நசுங்கியிருந்தால் சீக்கிரம் வரும். காற்றுப் புகுந்தால் உயரத்தையோ ஃபுட்வால்வையோ பார்க்க வேண்டும். அரிப்பு கண்டால் இலையையும் உறிஞ்சும் ஆழத்தையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு செலவழிப்பது கடற்கரையிலும் உண்டு, கொங்கிலும் உண்டு.

மோட்டாரைச் சாய்க்கும் கோணத்துக்குப் பம்பில் ஈடு இல்லை. உள்ளே சாய்த்தால் படகின் முன்பகுதியான அணியம் தாழும், வெளியே சாய்த்தால் தூக்கும். அலைக்கும் பாரத்துக்கும் ஏற்ப நடுவில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு சக்கரங்களும் ஒரே இயந்திரத்தில் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு. அவுட்போர்டின் காலுக்குள் ரப்பர் இறக்கை வைத்த சின்ன இம்பெல்லர் ஒன்று தண்ணீரை மேலேற்றி இன்ஜினைக் குளிரவைக்கிறது. பின்புறம் மெல்லிய தாரையாக நீர் பீச்சினால் அது வேலை செய்கிறது என்று பொருள். மோட்டாரை அளவுக்கு மீறி உயர்த்தினால் வேகம் ஒரு முழம் கூடலாம்; இந்தத் தாரை நின்றுவிடும். தண்ணீரில்லாமல் ஓட்டிய மோனோபிளாக் பம்பின் சீல் போவதுபோல் இந்த ரப்பரும் கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

எந்தப் பாரத்துக்குச் சரிசெய்வது என்பதில் படகுக்கும் கிணற்றுக்கும் ஒரே பதில்தான் என்பது என் கருத்து: கஷ்டமான நாளுக்கு. வெறும் படகை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாமல், ஆள், வலை, ஐஸ், எண்ணெய் எல்லாம் ஏற்றிச் சுற்றுமானியைப் பார்க்க வேண்டும். பம்பைச் சித்திரை மாத நீர்மட்டத்துக்குத் தேர்ந்தெடுத்து, கார்த்திகை, மார்கழியில் கேட்வால்வைத் திருகிச் சமாளிக்கலாம்.

ஆனால் சோதித்துப் பார்க்கும் செலவு இருவருக்கும் ஒன்றல்ல. படகுக்காரர் மணலில் மோட்டாரைத் தூக்கி, பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றிப் பத்து நிமிடத்தில் வேறு புரொப்பல்லரை மாட்டிவிடுவார். 600 அடி போர்வெல்லுக்குள் இறங்கிய சப்மர்சிபிளை எடுக்க வண்டியும் ஆட்களும் வர வேண்டும், கூலி தனி. அதனால் விவசாயி தன் சோதனையைக் கடையில், காகிதத்திலேயே முடித்தாக வேண்டும். சித்திரையில் நீர்மட்டம் எத்தனை அடி, தொட்டி எத்தனை உயரம், பைப்பு எத்தனை இஞ்சு, எத்தனை தூரம், எத்தனை பெண்டு. இதில் ஒன்றையும் கேட்காமல் எத்தனை எச்.பி. வேண்டும் என்று மட்டும் கேட்கிற கடையை விட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். கோவையில் பம்புக் கடைக்குப் பஞ்சமில்லை.