காவ் சான் முதல் லோப்புரி வரை

பாங்காக்கின் காவ் சான் சாலை அரைக் கிலோமீட்டர்கூட நீளாது. மன்னர் ஐந்தாம் ராமாவின் காலத்தில், 1892இல் போடப்பட்ட இந்தத் தெரு முதலில் அரிசிச் சந்தையாக இருந்தது. சாவ் பிரயா ஆற்றில் படகேறி வந்த அரிசி, பக்கத்து பாங் லம்பூ கால்வாயில் இறங்கி இங்கே கைமாறியது.

முதுகுப்பைப் பயணிகள் வந்தது வெகு பின்னால். 1970களில் அவர்கள் நகரின் வேறொரு மூலையில், மலேசியா ஹோட்டலைச் சுற்றித் தங்கினார்கள். 1982இல் பாங்காக் தலைநகரான 200ஆம் ஆண்டு விழா பழைய நகரில், அரண்மனையைச் சுற்றி நடந்தது. நடந்துபோகும் தொலைவில் மலிவான இடம் தேடியவர்களுக்குப் பாங் லம்பூ வீட்டுக்காரர்கள் அறைகளை வாடகைக்கு விட்டார்கள். பலகைத் தடுப்பு, கட்டில், மின்விசிறி, பொதுக் குளியலறை, அவ்வளவுதான் வசதி. அரசு திட்டமிட்டு உருவாக்கிய சுற்றுலாத் தலம் அல்ல இது. 1996இல் வெளியான அலெக்ஸ் கார்லண்டின் 'தி பீச்' நாவல் இத்தெரு விடுதியொன்றில் தொடங்கியது. 2000இல் படமும் வர, தெருவின் பெயர் உலகெங்கும் பரவியது. பிறகு வாடகை ஏறியது, மதுக்கூடங்கள் பெருகின. பட்ஜெட் பார்ப்பவர்கள் பக்கத்துச் சந்துகளுக்கு நகர்ந்தார்கள்.

கூப்பிடு தூரம் இல்லை என்றாலும், நடந்தே போகக்கூடிய இடத்தில் 1784இல் முதன்முதலாக நிறுவப்பட்ட பெரிய ஊஞ்சலின் சிவப்புத் தூண்கள் நிற்கின்றன. அதில் சடங்காக நடந்த ஆபத்தான ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுவிட்டது. அருகிலுள்ள கோயிலில் பிராமணர்கள் ஆண்டுதோறும் திருவெம்பாவையை உருமாறிய ஒலிப்பில் இன்றும் ஓதுகிறார்கள்.

பாங்காக்குக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் அயுத்தயா. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்து, மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவில் நானூறு ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊர். 1767இல் பர்மியப் படை அதை எரித்தது. இடிபாடுகளின் செங்கற்கள் ஆற்றுவழியே இறங்கி, புதிய தலைநகர் பாங்காக்கின் மதில்களாயின. பயணிகள் அந்த வழியை எதிர்த்திசையில், மூன்றாம் வகுப்பு ரயிலில் கடக்கிறார்கள். நிலையத்திலிருந்து படகில் ஆற்றைத் தாண்டி, வாடகை சைக்கிளில் கோயில் கோயிலாகச் சுற்றுவது பழைய வழக்கம். வாட் மகாதாட்டில் அரச மரத்தின் வேர்கள் அணைத்திருக்கும் புத்தர் தலையோடு படம் எடுப்பவர் அதைவிட உயர்ந்து நிற்கக் கூடாது, குந்த வேண்டும்.

இன்னும் வடக்கே லோப்புரி. 17ஆம் நூற்றாண்டில் நாராய் மன்னர் இதை இரண்டாம் தலைநகராக்கி, பிரெஞ்சுத் தூதர்களை வரவேற்றார். இன்று ஊரின் பெயரைத் தூக்கிப்பிடிப்பவை கெமர் பாணிக் கோபுரங்களும் குரங்குகளும். தங்குபவர் குறைவு. பெரும்பாலோர் மூட்டையை நிலையத்தில் போட்டுவிட்டு, பகலில் கோபுரங்களைப் பார்த்து, இரவு ரயிலில் சியாங் மாய் போய்விடுவார்கள்.