வேவெஸ்ஸையின் குரல்கள்

பதுளையை அண்டிய வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940 மே மாதம் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. சாதாரணப் போராட்டமன்று அது. தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்து நடக்கத் துரையும் இணங்கினார். அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் பறித்துக்கொண்டார்கள்! பின்னர் கடும் அடக்குமுறை வந்தது. ஊவாவைத் துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்து போராட்டத்தை முறித்தது.

சமசமாஜக் கட்சியின் வரலாற்றிலே இது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. நான் கேட்க விரும்புவன வேறு. சபைக்கு ஆள் தெரிந்த அன்று பிரட்டுக்களத்தில் முதலில் பேசியவர் யார்? கொழுந்தெடுத்த பெண்களுக்கு அச்சபையில் இடமிருந்ததா? பேர் விழாத நாட்களில் லயத்து அடுப்பு எப்படி எரிந்தது?

அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தில் 1951 முதல் 1992 வரை அணுகுண்டுகளைப் பரிசோதித்தார்கள். அங்கே சுரங்கம் தோண்டிய தொழிலாளி, விஞ்ஞானி, எதிர்த்து நின்றவர் என 150 பேருக்கு மேற்பட்டோரின் வாய்மொழியை லாஸ் வேகஸ் பல்கலைக்கழகம் 2003 முதல் 2008 வரை பதிவுசெய்தது. இரகசியம் காத்த இடத்துக்கே அது இயன்றிருக்கிறது.

நம்மவரோ சிதறிப்போனார்கள். 1948இல் பிரசாவுரிமை பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை மலைகளில் பலர் குடியேறினர். ஆகவே ஊவாவின் கதையைத் தேடுவோர் ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கேயும் போகவேண்டும். 1940இல் 10 வயதுப் பிள்ளையாக நின்று பார்த்தவருக்கு இப்போது 95 வயது கடந்திருக்கும்.