வானின்று வீழ்ந்த கல்லும் மருந்துவாழ் மலையும்

சுசீந்திரம் தாணுமாலயன் திருக்கோயிலில் ஏறக்குறைய 18 அடி உயரத் திருவுருவில் நின்றருளும் ஆஞ்சனேயப் பெருமானைத் தொழுது, கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் அன்பர்கள் வழியில் மருந்துவாழ் மலையைக் காண்பர். இலக்குவனை உயிர்ப்பிக்க அனுமன் ஏந்திச் சென்ற சஞ்சீவி மலையினின்று சிதறி வீழ்ந்த துண்டே இம்மலை என்பது நாஞ்சில் நாட்டார் வழிவழியாகப் போற்றிவரும் வரலாறு. மூலிகை செறிந்த மலையாதலின் பெயரும் நன்கு பொருந்திற்று.

நிலநூலார் கூற்று வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் கூறே இது, வானின்று வந்ததன்று. ஆயினும், வானின்று கல் விழும் என்பதையே பேதைமை என்று தள்ளிய கற்றோரும் பிழைபட்டனர். 1768இல் பிரான்சு நாட்டு லூசே என்னுமிடத்தில் உழவர் கண்முன் வீழ்ந்த கல்லை ஆராய்ந்த லவாசியே முதலிய பேரறிஞர், அது இடி தாக்கிய நிலக்கல்லே என்று தீர்ப்புக் கூறினர்! 1803இல் அந்நாட்டு லெய்கிள் நகரருகே ஏறத்தாழ 3000 கற்கள் பொழிந்த பின்னரே அறிஞருலகம் இணங்கிற்று. உழவர் சொல்லே மெய்யாயிற்று.

நம் முன்னோரும் வீழ்மீனைக் கூர்ந்து நோக்கியவரே. பங்குனியில் ஒரு மீன் எரிந்து விழக் கண்டு கூடலூர் கிழார் அஞ்சியதும், ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மாய்ந்ததும் புறநானூற்றின் 229ஆம் பாட்டால் அறியலாம். மீன் மன்னனைக் கொன்றதன்று. எனினும் அதனைக் குறித்துவைத்த கண் வியத்தற்குரியது.

பிற்காலத்தில், 1857 பிப்ரவரி 28ஆம் நாள், மதுரைக்குத் தெற்கே இரு விண்கற்கள் வீழ்ந்தன.

இவற்றினும் அரியது, 1865 ஆகஸ்டு 25ஆம் நாள் பீகாரில் செர்காட்டி என்னும் ஊரில் வீழ்ந்த ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள கல். பெரும்பாலான விண்கற்கள் சுமார் 450 கோடி ஆண்டு முதுமையுடையன. இதுவோ அவற்றினும் மிக இளையது. சிறு விண்பாறைகள் தோன்றிய சின்னாளிலேயே ஆறிவிடுவன. ஆதலின் நெடுங்காலம் உள்ளே அனல் தங்கிய பெரியதொரு கோளே இதன் பிறப்பிடமாதல் வேண்டும் என்று ஐயுற்றனர். தென்துருவப் பனிநிலத்தில் கிடைத்த இதே இனக் கல்லொன்றில் அடைபட்டிருந்த காற்று, 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் அளந்த காற்றோடு ஒத்திருந்தமை பின்னர் 1983இல் புலனாயிற்று. செவ்வாயைப் பெரும்பாறை ஏதோ மோதியபோது சிதறிய துண்டு, விண்வெளியில் நெடுங்காலம் அலைந்து, ஈண்டு வந்து வீழ்ந்தது! ஏந்திய மலையினின்று சிதறிய துண்டு என்னும் நாஞ்சில் நாட்டுக் கதையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது போலும்.

இவ்வினக் கற்கள் எந்நாட்டில் கிடைப்பினும், அப்பீகார் ஊரின் பெயரால் 'செர்காட்டைட்டு' என்றே உலகெங்கும் வழங்கப்பெறுகின்றன.