ரொசிஞோலின் பூட்டு

இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் முழுவதும் சங்கேதமாகவே எழுதப்படுகிறது. என்றாவது ஒருநாள் நீலத்திரை வந்து, பிட்லாக்கருக்கான 48 இலக்க எண்ணைக் கொடு என்று கேட்கும். அந்த எண் கிடைக்காவிட்டால் பேரப்பிள்ளைகளின் படங்கள், பென்ஷன் காகிதங்கள் எல்லாம் இருந்தும் இல்லாத கணக்குதான். சாவி தொலைந்தால் சொந்தச் சொத்தே கைக்கு எட்டாது என்பதை பிரான்சு அரசாங்கம் ஒருகாலத்தில் நன்றாகவே அனுபவித்திருக்கிறது.

பதின்மூன்றாம் லூயி காலத்தில் ரேயால்மோன் நகரை அரசப்படை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்கள் அனுப்பிய இரகசியக் கடிதம் ஒன்று பிடிபட்டது. அந்துவான் ரொசிஞோல் அதைப் படித்துவிட்டார். ஊருக்குள் வெடிமருந்து தீர்ந்துபோன விஷயம் வெளிப்பட்டது, நகரம் பணிந்தது. பிரெஞ்சில் ரொசிஞோல் என்றால் பாடும் பறவை, கள்ளச்சாவிக்கும் அதே சொல். இவரால் வந்த சொல் என்று சிலர் சொல்வார்கள்; அது இவருக்கு முன்பே வழக்கில் இருந்தது.

பிறர் பூட்டைத் திறந்தவரே, மகன் பொனவான்த்யூருடன் சேர்ந்து பதினான்காம் லூயிக்காக ஒரு பூட்டும் செய்தார். அதுதான் ‘கிரான் சிஃப்ர்’. (சிஃப்ர் என்றால் எண், இரகசிய எழுத்துக்கும் அதே பெயர்.) தந்தையும் மகனும் போனபிறகு அதன் விவரம் தெரிந்தவர் இல்லை. மன்னரின் கடிதங்கள் சுமார் இருநூறு ஆண்டுகள் வெறும் எண்களாக ஆவணக்காப்பகத்தில் கிடந்தன.

1890 வாக்கில் அவற்றில் சில எத்தியேன் பசெரி என்ற இராணுவ அதிகாரியிடம் வந்தன. மொத்தம் 587 வெவ்வேறு எண்கள். ஒவ்வோர் எண்ணும் இரண்டிரண்டு எழுத்துகளைக் குறிக்குமோ என்று மாதக்கணக்கில் முயன்றார், பலிக்கவில்லை. அப்புறம்தான் எண்கள் அசைகளாக இருக்கலாம் என்று தோன்றியது. 124-22-125-46-345 என்ற வரிசை அடிக்கடி வந்தது. போர்க்காலக் கடிதத்தில் அடிக்கடி வரக்கூடிய சொல் எது? லே-ஸென்னெமி, அதாவது ‘எதிரிகள்’. அந்த ஐந்து எண்களைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக மீட்டார். முந்தைய எண்ணை அடித்துவிடு என்று பொருள்படும் எண்ணும் நடுவில் ஒளிந்திருந்தது. மூன்று ஆண்டு உழைப்பு.

பசெரியின் வழி இன்றைய டிஸ்க்கில் செல்லாது. எண்ணாக மாற்றினாலும் பிரெஞ்சு மொழியின் நடை அக்கடிதங்களில் தங்கியிருந்தது. அதுவே அவருக்கு ஏணி. இன்றைய சங்கேதத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல் என்று எதுவும் கண்ணில் படாது. அந்த 48 எண்கள் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ, அச்சிட்ட தாளிலோ, பென்டிரைவிலோ இருந்தால் உண்டு. இல்லையேல் கணினியைத் தந்த கம்பெனியும் கைவிரித்துவிடும். மனைவிக்கோ பிள்ளைக்கோ தாள் இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். பீரோ சாவியைப்போலத்தான்.

பசெரி படித்த கடிதங்களில் ஒன்று 1691 ஜூலையில் எழுதியது. நம் புதுச்சேரியில் பிரான்சுவா மர்த்தேன் இருந்த காலம். இத்தாலியில் கூனியோ முற்றுகையை விட்டுவிட்டு ஓடிய தளபதி புலோந்தைக் கைதுசெய்து, இரவில் அறையில் பூட்டி, பகலில் கோட்டைமதிலில் 330 309 உடன் உலவவிடச் சொல்கிறது. 330 என்றால் முகமூடி என்றார் பசெரி. இரும்பு முகமூடி மனிதர் இவர்தான் என்று 1893-இல் புத்தகமே வெளியிட்டார். வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. அந்த எண் வேறெந்தக் கடிதத்திலும் வராததால், அது அவருடைய ஊகமாகவே நின்றுவிட்டது.