கடைமுழுக்கும் முடவன் முழுக்கும்

குடமுழுக்கு என்னும் சொல் சிவனடியார் செவிக்குத் தேன் போன்றது. கோபுரக் கலசத்தில் புனித நீர் பொழியும் அந்நன்னாளின் பெருமையை இம்மலரில் பெரியோர் பலர் விரித்து உரைப்பர். அடியேன், ஆண்டுதோறும் நிகழும் வேறு இரண்டு முழுக்குகளைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். ஒன்று கடைமுழுக்கு, மற்றொன்று முடவன் முழுக்கு. இரண்டும் காவிரிக்கரையில் விளங்கும் மயிலாடுதுறைக்கு உரியவை. ஒரு சிற்றூர் தன் விழாவை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதை இவ்விரண்டும் நமக்குக் கற்பிக்கின்றன.

கூதிர்ப் பருவம்

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப்படும். வடகிழக்குப் பருவமழை பொழியும் காலம் இது. சோழநாட்டில் குறுவை அறுவடையாகிப் புதுநெல் வீடு சேரும். சம்பா நடவும் களையெடுப்பும் உழவரை வயலில் நிறுத்தும். வழிகள் சேறாகும். எனினும் இவ்விரண்டு திங்களில்தான் கந்த சட்டி, தீபாவளி, அன்னாபிடேகம், திருக்கார்த்திகை ஆகிய விழாக்கள் அணிவகுத்து வருகின்றன. கைகளுக்கு வேலை மிக்க காலத்திலேயே இறைவன் பணிக்கும் கைகள் வேண்டப்படுகின்றன என்க.

கதிரவன் துலா ராசியில் நிற்கும் ஐப்பசித் திங்கள் முழுதும் காவிரியில் நீராடுதல் சிறப்புடையது. மாந்தர் தம்மிடம் கழித்த பாவச்சுமை நீங்கக் கங்கை முதலிய நதிகளே இத்துறைக்கு வந்து மூழ்குகின்றன என்பது தல வரலாறு. அம்மை மயிலுருவில் வழிபட, ஐயனும் மயிலாகி ஆடிக் காட்சி தந்தமையால் இத்தலம் மயிலாடுதுறை ஆயிற்று. அப்பரும் சம்பந்தரும் பாடிய பதி இது. காவிரியின் வடபால் உள்ள திருஇந்தளூர் திருமங்கையாழ்வாரின் பாடல் பெற்றது. "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர்.

ஐப்பசியின் இறுதி நாளே கடைமுழுக்கு. அன்று மாயூரநாதரும் அபயாம்பிகையும் எழுந்தருள, ஏனைய கோயில் மூர்த்திகளும் துலாக் கட்டத்தின் இரு கரைகளிலும் எழுந்தருளித் தீர்த்தம் அருளுவர். ஆற்றின் நடுவே நந்தியெம்பெருமான் மண்டபத்தில் வீற்றிருக்க, சுற்றுப்புறத்து ஊர்களெல்லாம் அன்று படித்துறையில் திரளும்.

பிந்தி வந்தவர்

விழா அத்துடன் முடிந்திருக்கலாம். ஆயின் முடியவில்லை. கால் முடங்கிய அடியவர் ஒருவர் துலா நீராட்டை விரும்பி நெடுந்தொலைவிலிருந்து புறப்பட்டார். மெல்ல மெல்ல ஊர்ந்து துறையை அடைந்தபோது ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்துவிட்டது. காலம் கடந்ததே என்று அவர் கலங்கி நின்றார். இறைவன் இரங்கி, கார்த்திகை முதல் நாளில் மூழ்குவோர்க்கும் ஐப்பசி முழுக்கின் பயன் உண்டு என அருளினான். அந்நாளே முடவன் முழுக்கு என இன்றும் போற்றப்படுகின்றது.

இக்கதையை இறைவனுடைய கருணைக்குச் சான்றாகக் கூறுதல் வழக்கம். அஃது உண்மையே. ஆயினும் இதில் நமக்கு ஒரு மெல்லிய கண்டனமும் உளது. நீராட விரைந்தோர் எத்தனை பேர் அவரைக் கடந்து சென்றிருப்பர்! அவருள் ஒருவர் நின்று கைகொடுத்திருந்தால் அவர் பிந்தியிருப்பாரோ? மாந்தர் செய்யத் தவறியதை இறைவன் ஒரு நாளை நீட்டிச் செய்தான் என்று கொள்ளுதல் தவறாகாது.

கையால் செய்த பணி

கோயிற்பணிகளைச் செய்த கைகளைச் சோழ மன்னர் மறந்தாரல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டுகளில் ஆடல் மகளிர், இசைவாணர் ஆகியோருடன் விளக்கேற்றுவார், நீர் தெளிப்பார், குடை பிடிப்பார், குயவர், வண்ணார், தையற்காரர், தச்சர் ஆகியோரும் இடம் பெற்றனர். அவரவர்க்குரிய பங்கும் குறிக்கப்பட்டது. பொன் கொடுத்த அரசனின் புகழ் நின்ற கல்லிலேயே நீர் தெளித்தவனுக்கும் இடம் கிடைத்தது.

அவர்கள் ஊதியம் பெற்றோர். ஊதியம் கருதாது உழைத்தோரின் வரலாறு இன்னும் பழையது. ஏழாம் நூற்றாண்டில் திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகினார். அவர் தம்பியாராகிய அப்பரடிகள் உழவாரப் படையை ஏந்தித் தலந்தோறும் புல் செதுக்கினார். கண்ணில்லாத தண்டியடிகள் திருவாரூரில் தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே குளம் கல்லினார். காஞ்சியில் திருக்குறிப்புத் தொண்டர், அடியவர் ஒருவரின் கந்தையைப் பொழுது சாயுமுன் வெளுத்துத் தருவதாக வாக்களித்தார். விடாமழை பொழியவே, அடியார்க்குக் குளிரால் தீங்கு நேருமே என்று துடித்துத் தம் தலையைக் கல்லில் மோதினார். இவருள் எவரும் பெருஞ்செல்வர் என்று சேக்கிழார் பெருமான் புகழவில்லை; கையால் செய்த பணியையே புகழ்ந்தார்.

வாயிலின் வெளியே

இங்கே ஒன்றை மறைத்தல் அறமன்று. மயிலாடுதுறையை அடுத்த திருப்புன்கூரில் குளம் அகழ்ந்தவர் திருநாளைப்போவார் என்னும் நந்தனார். கோயில் முரசுக்குத் தோலும் வாரும் யாழுக்கு நரம்பும் தந்தவரும் அவரே. அவர் தந்த பொருள் உள்ளே சென்றது. அவரோ வாயிலுக்குப் புறம்பே நின்றார். இறைவன் நந்தியை விலகச் செய்து காட்சி தந்தான், ஊரார் விலகினாரல்லர். மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாக்கி, அத்துயரை நாடெங்கும் கேட்கச் செய்தார். 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை கோயிலில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் இயற்றப்பட்டது. நந்தனாரை நாம் எத்தனை நூற்றாண்டுகள் வெளியே நிறுத்தினோம்! முடவர் ஒரு நாளே பிந்தினார்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் போதும் இச்சிற்றூர் தொண்டின் மேன்மையைக் கண்டது. மாயூரத்தில் முன்சீபாக இருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அவர் கிறித்தவர்; அவருடைய கொடையைப் பாடிப் போற்றியவரோ சிவபக்தராகிய கோபாலகிருஷ்ண பாரதியார். பசித்த வயிற்றின் முன் இருவர்க்கும் வேற்றுமை தோன்றவில்லை. ஐப்பசி நிறைமதி நாளில் இலிங்கத் திருமேனியில் சாத்திய அன்னத்தை யாவர்க்கும் பகிர்ந்தளிக்கிறோமே, அதன் பொருளும் இதுவன்றோ?

நாம் செய்யத்தக்கன

1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்ற பின், காவிரியின் நீர்வரவு அணைத் திறப்பையும் சார்ந்ததாயிற்று. நீர் குறைந்த ஆண்டில் துறை மாசுறும். மிகுந்த ஆண்டில் படிகள் வழுக்கும். ஆதலின் இரு நிலையிலும் தொண்டர் வேண்டும். திருவிழாவுக்கு முன்னரே படித்துறையைக் கூட்டிப் பாசி நீக்குதல், நீராடுவோர் விட்டுச்செல்லும் துணிகளை அகற்றுதல், முதியோர் பற்றிக்கொள்ளக் கயிறு கட்டுதல், திரளில் தவறிய குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்த்தல், மழையில் நனைந்தோர்க்குச் சூடான கஞ்சி தருதல், பூத்தொடுத்தல், விளக்குக்குத் திரி திரித்தல் - இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா. ஒரு பொழுது போதும். இவை துலாக் கட்டத்துக்கு மட்டும் உரியனவல்ல. திருக்குளமும் திருவீதியும் உள்ள எவ்வூர்க்கும் உரியன.

குடமுழுக்குக்குப் பொருள் வழங்கிய புண்ணியவான்களை நாம் வாழ்த்துகிறோம். அவர்களிடம் பணிவுடன் ஒரு விண்ணப்பம். கலசத்து நீர் உலர்ந்து, பந்தல் பிரித்து, கூட்டம் கலைந்த மறுநாளும் திருக்கோயிலுக்கு வாருங்கள். உங்களுக்கு எளிதான ஒரு பணியை மேற்கொள்ளுங்கள். அந்நாளில் எவரேனும் ஒருவர் பிந்தி வருவார். நடக்க இயலாதவராகவோ, வழி கேட்கவும் நாணும் ஏழையாகவோ இருப்பார். அவர் கையைப் பற்றிச் சந்நிதி வரை அழைத்துச் செல்லுங்கள்.

இறைவன் அவருக்கெனத் தனியே ஒரு நாளை நீட்ட வேண்டாதபடி நாமே அவரை உரிய நாளில் கொண்டு சேர்ப்போமாயின், அதனினும் சிறந்த முழுக்கு வேறில்லை. அத்தொண்டு நெறியில் நாம் அனைவரும் நிற்க மாயூரநாதர் திருவடி துணை செய்க.