பதுளைக் கோச்சியும் கணினியின் பஸ்ஸும்

உயர்தரத்தில் ஐ.சீ.டி. படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்பது: "சேர், பஸ் எரர் என்றால் என்ன?" இது ஹாலிஎல பஸ் இல்லை. கணினிக்குள் எல்லாக் கருவிகளும் பகிரும் பாதைதான் பஸ்.

1924இல் பதுளை வரை வந்த ரெயில் பாதையும் ஒற்றைப் பாதைதான். சாரதி ஸ்டேஷனில் வாங்கும் வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள டேப்லெட் இல்லாமல் கோச்சி நகராது. ஒன்று வெளியே போனால், அது திரும்பிப் பெட்டிக்குள் வரும்வரை மற்றொன்றை எடுக்க முடியாது. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப்பில் இரண்டு ரெயில்கள் நேருக்கு நேர் மோதின. அதற்குப் பிறகே எட்வர்ட் டையர் இந்தப் பெட்டியைச் செய்தார்.

கணினியில் பிரச்சினை வேறு: அழைத்த கருவி பதில் சொல்லாவிட்டால்? 1970இல் வந்த பீ.டீ.பி-11, சில மைக்ரோசெக்கன் காத்திருந்துவிட்டு, செய்த வேலையை நிறுத்தி, பிழையைக் கவனிக்கும் நிரலுக்குத் தாவும். யுனிக்ஸில் பிழை பயனரின் நிரலில் என்றால் அந்த நிரல் மட்டும் சாகும். கேர்னலுக்குள், டிரைவரில் என்றால் முழுக் கணினியுமே நின்றுவிடும்.

1980களின் தொடக்கத்தில் பெர்க்லி யுனிக்ஸ் செய்தது எனக்குப் பிடித்த வேலை. கணினி தொடங்கும்போது ஒவ்வொரு முகவரியையும் வேண்டுமென்றே தட்டிப் பார்த்தது. பிழை வந்தால், "அங்கே கருவி இல்லை" என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனது.

நம் வீட்டு பீ.சீ. அவ்வளவு நேர்மையானதல்ல. பதில் வராத இடத்தைப் படித்தால் பெரும்பாலும் சத்தமில்லாமல் எல்லாம் 1 ஆன எண்ணைத் தரும். அதை உண்மைத் தரவென்று நம்பினால் தவறு எங்கேயோ போய் வெடிக்கும். அதனால்தான் லினக்ஸ் டிரைவர் எழுதுபவர்கள் அந்த எண் வந்தால், கருவி கழன்றுவிட்டதா என்று முதலில் பார்க்கிறார்கள்.